மறைவழிக்கு அடையாளச் சீட்டு



தபால் பெட்டியில் கடிதம் இடுகின்ற ஒருவரைத் தடுத்து நிறுத்தி, உமது பெயர் யாது, எந்த ஊர், என்ன நோக்கத்துடன் இக்கடிதத்தை விடுக்கின்றீர் என்று கேட்பார் எவரும் இலர். உறையின்மீது அனுப்புநர் பெயர் இல்லாவிடினும் கடிதம் உரியவரிடம் போய்ச் சேருகின்றது. ஐயத்திற்குரிய கடிதத்தைத் தடுத்துப் பார்க்க அரசுக்குச் சட்டம் அதிகாரம் அளித்திருக்கின்றது. எனினும், ஒரு சிலரைப் பிடிப்பதற்காகக் கடிதம் எழுதுவோர் அனைவரும் முதலில் பேரேட்டில் கையொப்பமிட வேண்டும் என்று இந்நாட்டில் விதி செய்ததில்லை. இணையத்தின் வழியே செல்லும் செய்திகளுக்கு இந்த நியாயம் பொருந்துமா, பொருந்தாதா என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

வி.பி.என். என்னும் பெயரை உங்களுள் பலர் கேட்டிருப்பீர்கள். மெய்நிகர் தனியார் பிணையம் என்று அதனைத் தமிழில் கூறுவர். அது செய்யும் வேலையைக் கொல்லிமலைச் சரக்கு ஒன்றைக்கொண்டு விளக்குகிறேன். வாழவந்தி நாட்டைச் சேர்ந்த குடியானவர் ஒருவர் ஒரு மூட்டை மிளகை வெளியூர் வியாபாரிக்கு அனுப்புகிறார். மூட்டையின்மீது அவர் பெயரும் வியாபாரியின் பெயரும் எழுதப்பட்டுள்ளன. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வண்டி இறங்குகிறது. அடிவாரத்தில் ஒரு சாவடி இருப்பதாகக் கொள்வோம். மூட்டை தைக்கப்பட்டிருப்பதால் உள்ளே இருப்பது சாவடிக்காரருக்குத் தெரியாது. ஆனால் யார் யாருக்கு அனுப்புகிறார் என்பது தெரிந்துவிடும். இன்றைய இணையத்தின் பெரும்பகுதி இவ்வாறே இயங்குகிறது. நீங்கள் படிக்கும் செய்தி பூட்டப்பட்டிருக்கும். எந்தத் தளத்துக்குச் செல்கிறீர்கள் என்பது இணைப்பு வழங்கும் நிறுவனத்துக்குத் தெரியும்.

இப்பொழுது அக்குடியானவர் தம் மூட்டையை மற்றொரு மூட்டைக்குள் இட்டு, மேலே நாமக்கல்லில் உள்ள கமிஷன் மண்டியின் பெயரை மட்டும் எழுதுகிறார். மண்டிக்காரர் வெளி மூட்டையைப் பிரித்து, உள்மூட்டையில் தம் குறியை இட்டு வியாபாரிக்கு அனுப்புகிறார். சாவடிக்காரருக்கு மண்டி மட்டுமே தெரியும். வியாபாரிக்கும் மண்டி மட்டுமே தெரியும். இருபுறமும் அறிந்தவர் மண்டிக்காரர் ஒருவரே. வி.பி.என். நிறுவனமே அந்த மண்டி. ஆகவே, அவர் எத்தகைய பேரேடு வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தே அனைத்தும் அமைகின்றன.

அந்தப் பேரேட்டைப் பற்றியதே 2022-ஆம் ஆண்டில் வந்த ஆணை. செர்ட்-இன் எனப்படும் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு, 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 70-பி பிரிவின்கீழ், 2022 ஏப்ரல் 28 அன்று அதனைப் பிறப்பித்தது. வி.பி.என். சேவை தருவோர், வாடிக்கையாளரின் சரிபார்க்கப்பட்ட பெயர், முகவரி, தொடர்பு எண், சேவை பெற்ற காலம், ஒதுக்கப்பட்ட இணைய முகவரி, சேவை பெறும் நோக்கம் ஆகியவற்றைப் பதிவு செய்ய வேண்டும்; வாடிக்கையாளர் விலகிய பின்னும் 5 ஆண்டுகள் அவற்றைக் காத்து வைக்க வேண்டும். இந்தத் தேவை 2022 செப்டம்பர் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. தம் ஊழியர்களுக்கென்று நிறுவனங்கள் அமைத்துக்கொள்ளும் வி.பி.என்.களுக்கு இது பொருந்தாது என்று அரசு விளக்கம் கூறிற்று. ஆக, பெரிய நிறுவனத்தில் பணியாற்றுபவருக்கு விலக்கு உண்டு. தாமே பணம் செலுத்திச் சேவை பெறும் தனிமனிதருக்கு இல்லை.

அரசின் கவலை பொருளற்றது என்று நான் கூறமாட்டேன். 2024 பிப்ரவரி 8 அன்று சென்னையில் பல தனியார் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல்கள் வந்தன. பெற்றோர் பதறியடித்துக்கொண்டு பள்ளிகளுக்கு ஓடினர். மிரட்டல் பொய்யென்று தெரிந்தது. ஆனால், பயன்படுத்துவோரைப் பற்றி மிகக் குறைந்த விவரங்களையே வைத்திருக்கும் சுவிட்சர்லாந்து நாட்டுப் புரோட்டான் மெயில் சேவை வழியாக அவை வந்திருந்தமையால், அனுப்பியவரைக் கண்டறிவது அரிதாயிற்று. குழந்தைகளின் உயிரைக் காட்டி அச்சுறுத்துகிறவன் முகமூடியின்பின் ஒளிந்து நிற்கையில், முகமூடி விற்பவரிடம் விவரம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது என்று காவல்துறையினர் வினவுவதில் நியாயம் உண்டு.

ஆயினும், நோய் உண்மை என்பதனாலேயே மருந்து சரியானது ஆகிவிடாது. ஆணை வந்தபின் நிகழ்ந்ததைப் பாருங்கள். எக்ஸ்பிரஸ் வி.பி.என்., நார்டு வி.பி.என்., சர்ப்ஷார்க் ஆகிய நிறுவனங்கள் 2022 ஜூன் மாதத்திலேயே இந்தியாவிலிருந்த தம் சேவைக் கணினிகளை அகற்றின. புரோட்டான் நிறுவனத்தின் வி.பி.என். செப்டம்பரில் அவ்வாறே செய்தது. எக்ஸ்பிரஸ் வி.பி.என். சிங்கப்பூரிலும் இங்கிலாந்திலும் கணினிகளை வைத்துக்கொண்டு இந்திய முகவரிகளை வழங்கிற்று. மண்டி எல்லைக்கு அப்பால் நகர்ந்ததேயன்றி வாணிபம் நின்றுவிடவில்லை. தீயோன் அங்கே போவான்; உள்நாட்டிலேயே இருந்து சட்டத்தை மதித்து நடக்க விழையும் சிறு நிறுவனமும் அதன் வாடிக்கையாளரும் பேரேட்டில் சிக்குவர். உள்நாட்டுச் சிறு நிறுவனம் ஒன்று, எஸ்.என்.டி. ஹோஸ்டிங்ஸ் என்பது, இவ்வாணையை எதிர்த்து அதே ஆண்டு தில்லி உயர்நீதிமன்றத்தை நாடிற்று.

இரண்டாவதாக, பேரேடு என்பது தானே ஓர் ஆபத்து. 2020 ஜூலையில் ஹாங்காங்கைச் சார்ந்த 7 வி.பி.என். சேவைகளின் பதிவுகள் காவலின்றித் திறந்து கிடந்தமை வெளியாயிற்று. எதையும் பதிவு செய்வதில்லை என்று அவை விளம்பரம் செய்திருந்தன. பதிவு இல்லையென்று சொன்ன இடத்திலேயே இருந்த பதிவு கசிந்தது என்றால், பதிவு கட்டாயம் என்று ஆன இடங்கள் அனைத்திலும் என்ன ஆகும்? சேர்த்து வைக்காத விவரத்தை எவரும் திருட முடியாது.

மூன்றாவது காரணத்தைக் கூற மீண்டும் வாழவந்தி நாட்டுக்கு வருகிறேன். ஒருவரை ஒருவர் அறியாதார் இல்லாத ஊர்கள் அவை. கடையிலிருந்து பகிரப்படும் வைஃபை இணைப்பைப் பயன்படுத்தினால், கடைக்காரர் மாமன் முறையாகவோ சித்தப்பன் முறையாகவோ இருப்பார். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, தனக்கு வீட்டில் பேசப்படும் திருமணத்தைத் தடுக்க வழி உண்டா என்று தேடுகிறாள் எனக் கற்பனை செய்வோம். 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் அவள் பக்கம் இருக்கிறது; 1098 என்னும் உதவி எண்ணும் இருக்கிறது. எந்தத் தளத்தைப் பார்த்தாள் என்பது இணைப்புக்கு உரியவருக்குத் தெரியாமல் இருப்பதற்கு மறைவழி அவளுக்கு உதவும். ஆனால் அம்மறைவழியில் நுழையுமுன் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்றால் என்ன நேரும்? சரிபார்க்கும் எண் கைப்பேசிக்கு வரும். அக்கைப்பேசியோ தகப்பனாருடையது! நகரத்தில் தனிக் கைப்பேசியும் தனி எண்ணும் உடையவருக்குச் சிறு தொல்லையாகத் தோன்றும் விதி, மலையூரில் ஒரு குடும்பத்துக்கு ஒரு கைப்பேசி உள்ள வீட்டில் மூடிய கதவாகிவிடுகிறது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வினா அன்று. இங்கிலாந்தில் 2025 ஜூலை 25 முதல் சிறுவருக்குத் தகாத தளங்களில் வயதைச் சரிபார்ப்பது கட்டாயமாயிற்று. உடனே ஏராளமானோர் வி.பி.என். செயலிகளை நாடினர். அடுத்த மாதமே, அந்நாட்டுக் குழந்தைகள் நல ஆணையர், வி.பி.என். சேவைகளுக்கும் வயதுச் சரிபார்ப்பு வேண்டும் என்று கோரினார். ஒரு வாயிலில் காவல் வைத்தால் அடுத்த வாயிலிலும் காவல் வைக்கத் தோன்றுவது இயல்பே.

அப்படியாயின் குற்றவாளியைக் கண்டறிய வழியே இல்லையா? உண்டு. தொலைபேசி ஒட்டுக்கேட்பைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பு அவ்வழியைக் காட்டியிருக்கிறது. அதன்படி, ஒட்டுக்கேட்க உள்துறைச் செயலர் நிலையிலுள்ள அதிகாரி காரணம் காட்டித் தனித்தனியே ஆணையிட வேண்டும். ஆணைக்குக் கால வரம்பு உண்டு. அதனை மறுபரிசீலனை செய்ய ஒரு குழுவும் உண்டு. ஐயத்திற்குரிய ஒருவரை நோக்கிச் செல்லும் ஆணை அது. எல்லோரையும் ஐயத்திற்குரியவராக வைத்துத் தொடங்கும் பேரேடு அன்று. 2017 ஆகஸ்டு 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அவ்வுரிமையில் அரசு தலையிட வேண்டுமாயின் சட்டத்தின் ஆதாரம் வேண்டும்; நியாயமான தேவை வேண்டும்; தேவைக்கு ஏற்ற அளவோடு அத்தலையீடு நிற்க வேண்டும் என்பது அத்தீர்ப்பு வகுத்த நெறி.

2022-ஆம் ஆண்டின் ஆணை முதற் சோதனைக்கு ஒரு சட்டப் பிரிவைக் காட்டலாம். இரண்டாவதற்குப் பள்ளி மிரட்டல் போன்ற நிகழ்ச்சிகளைக் காட்டலாம். மூன்றாவது சோதனையில்தான் அது தடுமாறுகிறது என்பது என் கருத்து. நாளை நீங்கள் வழக்கறிஞராகவோ, காவல்துறை அதிகாரியாகவோ, சட்டமன்ற உறுப்பினராகவோ ஆகலாம். அடையாளம் கேட்கும் புதிய விதி எதுவாயினும், அதனால் பிடிபடுபவன் எத்தனை பேரில் ஒருவன், அவனுக்காகப் பெயர் எழுதிக்கொடுப்போர் எத்தனை பேர், எழுதிக்கொடுக்க இயலாமல் திரும்பிப் போவோர் எவர் என்று கேளுங்கள். அக்கணக்கைப் போடும்பொழுது, தகப்பனாரின் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் அந்தப் பெண்ணையும் ஒருத்தியாக எண்ணிக்கொள்ளுங்கள்.