இரண்டு டாலர் போக்கரில் தோற்பது எப்படி

கையில் இரண்டு ராணி. எதிராளியிடம் இரண்டு எட்டு. இருவருமே தங்கள் சிப் அத்தனையையும் நடுவில் தள்ளியாயிற்று. எதிராளியிடம் சற்றுக் கூடுதல். பொதுவாக விரிக்கும் ஐந்து சீட்டுகளில் நான்கு விழுந்துவிட்டன: ஜாக்கி, நாலு, ரெண்டு, ஒன்பது. இன்னும் ஒரே சீட்டு. கண்ணுக்குத் தெரியாத 44 சீட்டுகளில் ராணிக்காரரைக் கவிழ்க்கக்கூடியவை இரண்டே இரண்டு எட்டுகள்தான். அதாவது 22-இல் ஒரு வாய்ப்பு. அந்த எட்டு வந்து விழுகிறது. மேசை மங்கி, எத்தனையாவது இடத்தில் வெளியேறினீர்கள் என்று ஒரு சின்னப் பெட்டி சொல்கிறது. பக்கத்திலேயே அடுத்த போட்டிக்கான பொத்தான்.

உலகெங்கும் அதிகம் ஆடப்படும் டெக்ஸஸ் ஹோல்டெம் வகை இது. ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துத் தரப்படும். ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொது. ஏழில் சிறந்த ஐந்தை எடுத்துக்கொள்ள வேண்டும். நடுவில் நான்கு முறை பந்தயம் கட்டலாம், கூட்டலாம், சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். இணையத்தில் இரண்டு மூன்று டாலர் கொடுத்து நுழையும் போட்டிகளில் ஆயிரம் பேர்கூடச் சேர்வார்கள். மணிக்கணக்கில் நடந்து, ஒருவரிடம் எல்லா சிப்பும் சேரும்வரை ஓயாது.

கடைசிச் சீட்டில் வந்த எட்டைத்தான் ஆட்டக்காரர்கள் வாரக்கணக்கில் புலம்புவார்கள். ஆனால் அவர்களை உண்மையில் வெளியேற்றுவது அது அல்ல. பொதுச் சீட்டு எதுவும் விழுமுன்பே பணம் உள்ளே போனால், ராணி ஜோடிக்கு எட்டு ஜோடிக்கு எதிரே வெற்றி வாய்ப்பு ஏறக்குறைய 81 சதவீதம். நல்ல நிலைதான். இப்படி 80 சதவீத வாய்ப்புள்ள மோதலாகப் பார்த்துப் பார்த்து ஐந்து முறை இறங்கினாலும், ஐந்தையும் ஜெயிக்கும் வாய்ப்பு 33 சதவீதமே. மூன்று பேரில் இருவர் எங்கோ ஒன்றில் சறுக்குவார்கள். அதிலும் எல்லா மோதலும் இவ்வளவு வசதியாக அமையாது. ஏஸும் ராஜாவும் வைத்திருப்பவர் ராணி ஜோடியோடு மோதினால் கிட்டத்தட்ட காசு சுண்டுவதுதான்: ராணிக்கு 57, அவருக்கு 43.

மோதாமல் ஒதுங்கி இருந்தால் என்ன என்று கேட்கலாம். போட்டியின் அமைப்பு விடாது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இருவர் கட்டாயமாகப் போட வேண்டிய தொகைக்கு பிளைண்ட் என்று பெயர். தொடக்கத்தில் கையிருப்பு 10,000 சிப், பெரிய பிளைண்ட் 100 என்று வைத்துக்கொள்வோம். யோசித்து ஆடப் பெரிய பிளைண்டைப்போல் நூறு பங்கு இருக்கிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை பிளைண்ட் ஏறிக்கொண்டே போகும். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு பலரிடம் பதினைந்து, இருபது பங்குதான் மிஞ்சும். அதற்கும் கீழே இறங்கினால் செய்யக்கூடியது இரண்டே: முழுவதையும் தள்ளுவது, அல்லது விலகுவது. மியூசிக்கல் சேரில் நாற்காலியை உருவுவதுபோல, நேரம் ஆக ஆகத் திறமை காட்டும் இடத்தை நடத்துபவர்கள் உருவிக்கொண்டே வருகிறார்கள். இல்லாவிட்டால் போட்டி விடிந்தாலும் முடியாது.

இனி பணம். நுழைவு 2 டாலர் 20 சென்ட் என்றால் பரிசுக்குப் போவது 2 டாலர். 20 சென்ட் தளத்தின் தரகு. எல்லோரும் ஒரே திறமையோடு ஆடினால் ஒவ்வொருவரும் கட்டியதில் சராசரியாக 9 சதவீதத்தை இழப்பார்கள். ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்குத்தான் பரிசு. அதிலும் பெரும்பாலானோருக்குக் கட்டியதைப்போல் ஒன்றரை அல்லது இரண்டு மடங்கு. பெருந்தொகை முதல் சில இடங்களுக்கு. தேர்ந்த ஒருவர் சுமாரான ஆட்டக்காரரைவிட அடிக்கடி, ஐந்தில் ஒரு போட்டியில் பரிசு வாங்குகிறார் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரே இரவில் பத்துப் போட்டிகளில் இறங்கினால், ஒன்றில்கூடப் பரிசு இல்லாமல் போகும் வாய்ப்பு 11 சதவீதம். ஒன்பது இரவுக்கு ஒன்று அப்படிச் சுத்தமாகக் கழுவிப் போகும். இரண்டு சின்னப் பரிசு வாங்கிய இரவும் நட்டத்தில்தான் முடியும், ஏனென்றால் பத்து நுழைவுக் கட்டணத்தை அவை ஈடுகட்டாது. ஆக, வருடக் கணக்கில் லாபம் பார்ப்பவருக்கும் பெரும்பாலான இரவு தோற்கும் இரவுதான். அந்த லாபம் எப்போதோ வரும் சில முதலிடங்களில் குவிந்து கிடக்கிறது.

இதைத் தெரிந்தும் ஏன் ஆடுகிறார்கள்? 2003-இல் லாஸ் வேகாஸில் நடந்த உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் மற்ற 838 பேரை முந்தி 25 லட்சம் டாலர் வென்றவர் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர். அவர் அந்த இருக்கையைப் பிடித்தது இணையத்தில் நடந்த 86 டாலர் தகுதிப் போட்டியில். சின்னத் தொகைப் போட்டிகளுக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் பிறகு தேவைப்படவில்லை.

நம் ஊர்க் கதை வேறு மாதிரி போனது. தமிழ்நாட்டின் இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தை 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றது. ஆனால் ரம்மியையும் போக்கரையும் திறமை ஆட்டம் என்று தடையிலிருந்து விலக்கியது. 2025-இல் மத்திய அரசின் சட்டம் வந்து, திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே ஒதுக்கிவிட்டு, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் எல்லாவற்றையும் தடை செய்தது.

தோற்றவருக்கு முதலில் எழும் சந்தேகம், கணினி ஏமாற்றுகிறது என்பது. முழுக்க வீண் சந்தேகம் என்று சொல்லிவிட முடியாது. 52 சீட்டை அடுக்கும் வழிகளின் எண்ணிக்கை 68 இலக்கம் கொண்டது. 1999-இல் ஒரு மென்பொருள் பாதுகாப்புக் குழு, அன்றைய ஒரு தளம் சீட்டுக் கலைக்கும் நிரலை ஆராய்ந்தது. நேர்மையைக் காட்டுவதற்காக அந்த நிரலை எழுதியவர்களே அதை வெளியிட்டிருந்தார்கள். நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லிவினாடி கடந்தது என்ற எண்ணை வைத்து அது கட்டைக் கலைத்தது. ஒரு நாளில் மில்லிவினாடிகள் 8 கோடியே 64 லட்சம். அதற்கு மேல் ஒரு அடுக்குகூட அந்த நிரலுக்குத் தெரியாது. குழுவினர் தங்கள் கடிகாரத்தைத் தளத்தின் கடிகாரத்தோடு ஒத்துவைத்ததும் தேட வேண்டியவை சுமார் 2 லட்சமாகச் சுருங்கின. கையிலிருந்த இரண்டு சீட்டும் மேசையில் விழுந்த மூன்று சீட்டும் போதும், எல்லோருடைய சீட்டும், இனி வரப்போவதும் தெரிந்துவிட்டது. பிற்காலத்தில் பெரிய தளங்கள் மின்சுற்றின் வெப்ப இரைச்சல், ஒளித்துகள் போன்ற இயற்கையான தற்செயலிலிருந்து எண்களை எடுக்கத் தொடங்கின.

2007-இல் அப்சல்யூட் போக்கர் தளத்தில் வெளிப்பட்டது வேறு வகை மோசடி: மற்றவர்களின் சீட்டைப் பார்த்தபடியே ஒரு கணக்கு ஆடிக்கொண்டிருந்தது. இரண்டாம் இடம் வந்தவர் ஆட்டப் பதிவைக் கேட்க, எல்லோருடைய சீட்டும் அடங்கிய கோப்பை நிறுவனமே அனுப்பிவிட்டது. மோசடியைக் காட்டிக்கொடுத்தது ஒருவரின் நம்பமுடியாத வெற்றி. யாருடைய தோல்வியும் அல்ல. இரண்டு எட்டிடம் ராணி தோற்பது மோசடிக்கு அடையாளம் ஆகாது. தோற்காமலே இருந்தால்தான் விசாரிக்க வேண்டும்.

அடுத்த சந்தேகம், நாம் சரியாக ஆடவில்லையோ என்பது. இதற்குப் பதில் சொல்வது அதைவிடக் கடினம். 2015-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கிளாடிகோ என்ற நிரல் நான்கு தொழில்முறை வீரர்களோடு 80,000 ஆட்டம் ஆடியது. வீரர்கள் முன்னிலையில் முடித்தார்கள். ஆனாலும் புள்ளியியல்படி அது சமன்தான் என்று ஆய்வாளர்கள் அறிவித்தபோது சர்ச்சை எழுந்தது. 2017-இல் லிப்ராடஸ் என்ற அடுத்த நிரலுக்கு 1,20,000 ஆட்டம் வைத்தார்கள். அதிர்ஷ்டத்தைக் குறைக்க, முந்தைய போட்டியைப் போலவே, ஒரு வீரருக்கு விழுந்த சீட்டு அவரது கூட்டாளியின் மேசையில் நிரலுக்குப் போகும்படி மாற்றியும் போட்டார்கள். அப்போதுதான் நிரல் ஜெயித்தது என்று தயங்காமல் சொல்ல முடிந்தது.

நம் இரண்டு டாலர் ஆட்டக்காரருக்கு அந்த வசதி கிடையாது. ஆயிரம் பேர் போட்டியில், கட்டியதற்கு 20 சதவீத லாபம் தரும் திறமை ஒருவரிடம் இருந்தாலும், அது திறமைதான் என்று ஓரளவு நம்பிச் சொல்ல சில ஆயிரம் போட்டிகள் ஆடியிருக்க வேண்டும். இதற்காகவே பலர் பதிவு மென்பொருள் வைத்துக்கொள்கிறார்கள். அது இரண்டு கோடு வரையும்: ஒன்று உண்மையில் வந்த பணம், மற்றது முழுவதையும் தள்ளிய கணத்தில் இருந்த வாய்ப்பின்படி வந்திருக்க வேண்டிய பணம். இரண்டாவது கோடு மேலே போகும் இரவில் மனசு கொஞ்சம் ஆறும். ஆனால் எந்தச் சீட்டு கைக்கு வந்தது, எந்த நேரத்தில் வந்தது என்ற அதிர்ஷ்டத்தை அந்தக் கோடு கணக்கில் எடுப்பதில்லை. தரகைக் கழித்துவிட்டுத்தான் இரண்டு கோடுமே வரையப்படுகின்றன.