ஆப்பில் ‘ஆன்’, குழாயில் பச்சைத் தண்ணீர்: ஸ்மார்ட் கீசரில் கோளாறு எங்கே?

மார்கழி, தை மாதங்களில் கல்வராயன்மலைக் குளிர் சும்மா விடாது. வெள்ளிமலை, கரியாலூர் மட்டுமல்ல, அடிவாரத்தில் கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கமும் விடியற்காலையில் வெந்நீர் வேண்டியிருக்கிறது. விறகு போட்டுக் காய்ச்சிய செம்பு பாய்லர் இருந்த இடத்துக்கு கீசர் வந்தது. இப்போது கீசரோடு ஸ்மார்ட் பிளக்கும் சேர்ந்துகொண்டது. பெங்களூருவில் வேலை பார்க்கும் பிள்ளைகள், ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்காக ஆப்பிலேயே காலை 5 மணிக்கு டைமர் வைத்துவிடுகிறார்கள்.

வசதிதான். ஆனால் ஒருநாள் ஆப் ‘ஆன்’ என்று காட்டும், தண்ணீர் சில்லென்று வரும். இன்னொரு நாள் ‘ஆஃப்லைன்’ என்று காட்டும், கீசர் ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாது. இதில் இரண்டாவதுதான் கவனிக்க வேண்டியது.

ஆஃப்லைன் என்றால் ஆஃப் அல்ல

ஸ்மார்ட் பிளக்குக்குள் இருப்பது ‘ரிலே’ என்ற சின்ன ஸ்விட்ச். வைஃபை வழியாக வரும் உத்தரவைக் கேட்டு அது திறக்கும், மூடும். ஆன் ஆன பிறகு நெட் போனால், ரிலே பெரும்பாலும் இருந்த நிலையிலேயே இருக்கும். நீங்கள் ஆப்பில் எத்தனை முறை ‘ஆஃப்’ தட்டினாலும் உத்தரவு போய்ச் சேராது. அதனால் ஆஃப்லைன் என்று பார்த்தால், வீட்டில் இருப்பவருக்கு போன் செய்து சுவர் ஸ்விட்சை ஆஃப் செய்யச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நெட்டா, பிளக்கா, கீசரா?

முதலில் பிளக்கில் உள்ள பட்டனை ஈரமில்லாத கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். ‘டிக்’ சத்தம் கேட்டு, கீசர் விளக்கு எரிந்தால் பிளக் நலம்; சிக்கல் பெரும்பாலும் நெட்டில். ரூட்டர் பாஸ்வேர்டை மாற்றினீர்களா என்று யோசியுங்கள். பெரும்பாலான ஸ்மார்ட் பிளக்குகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இணையும். 5 கிகாஹெர்ட்ஸில் இணையாது. ரூட்டருக்கும் குளியலறைக்கும் நடுவே இரண்டு சுவர் இருந்தாலும் சிக்னல் தேயும்.

பட்டன் அழுத்தியும் எதுவும் நடக்கவில்லை என்றால், முதலில் எம்.சி.பி. இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால் பிளக்கைச் சந்தேகிக்கலாம்.

மின்சார அளவைக் காட்டும் பிளக் என்றால் வேலை இன்னும் சுலபம். ‘ஆன்’ நிலையில் 2,000 வாட் அளவுக்குக் காட்டினால் கீசர் சூடேற்றுகிறது. பூஜ்யம் காட்டினால் இரண்டு காரணம் இருக்கலாம். தண்ணீர் ஏற்கெனவே சூடாகி தெர்மோஸ்டாட் நிறுத்தியிருக்கும். அல்லது தண்ணீர் சில்லென்றே இருந்தால், கீசரின் காயிலோ பாதுகாப்பு கட்-அவுட்டோ போயிருக்கும்.

கரன்ட் போய் வந்தால்?

மலையிலும் கிராமங்களிலும் டைமர் தவறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பல பிளக்குகளில் கடிகாரத்துக்குத் தனி பேட்டரி கிடையாது. கரன்ட் வந்ததும் இணையத்தைக் கேட்டுத்தான் மணி தெரிந்துகொள்ளும். ராத்திரி கரன்ட் போய் வந்து, நெட் மட்டும் வராமல் இருந்தால், பிளக்குக்கு மணி 5 ஆனதே தெரியாது. அதேபோல 5.30-க்கு ஆஃப் செய்ய வேண்டும் என்பதும் தெரியாது.

இதற்குத் தீர்வு ஆப்பிலேயே இருக்கிறது. செட்டிங்ஸில், மின்சாரம் திரும்பும்போது பிளக் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று கேட்கும் இடத்தில் ‘ஆஃப்’ என்று வையுங்கள். வெந்நீர் ஒருநாள் கிடைக்காமல் போகலாம். ஆள் இல்லாத வீட்டில் கீசர் தானாக ஓடக் கூடாது. ரூட்டருக்கு ஒரு சின்ன யூ.பி.எஸ். வைத்தால் பாதிப் பிரச்சினை குறையும்.

20 நிமிடம் போதாதா?

15 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக 2,000 வாட் கீசருக்குச் சுமார் 21 நிமிடம் ஆகும். இது 230 வோல்ட் இருந்தால் வரும் கணக்கு. வோல்டேஜ் 180-க்கு இறங்கினால் அதே கீசர் 1,225 வாட் அளவுக்குத்தான் இழுக்கும்; நேரம் 34 நிமிடமாகிவிடும். 20 நிமிட டைமர் வைத்தவருக்கு வெதுவெதுப்பான தண்ணீர்தான் கிடைக்கும். இங்கே கோளாறு ஆப்பிலும் இல்லை, கீசரிலும் இல்லை. லோ வோல்டேஜ் தொடர்ந்தால் மின்வாரியத்தின் ‘மின்னகம்’ எண் 94987 94987-ல் புகார் செய்யலாம்.

எத்தனை ஆம்ப் பிளக்?

2,000 வாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்ப் இழுக்கும். 3,000 வாட் இன்ஸ்டன்ட் கீசர் 13 ஆம்ப். விளக்கு, ஃபேனுக்கான 6 ஆம்ப் பிளக்கும், விலை குறைந்த 10 ஆம்ப் பிளக்கும் கீசருக்கு வேண்டாம். 16 ஆம்ப் பிளக், 16 ஆம்ப் சாக்கெட், நல்ல எர்த் மூன்றும் கட்டாயம். நடுவில் மல்டி-பிளக், எக்ஸ்டென்ஷன் கார்டு எதுவும் கூடாது. பிளக்கையும் குளியலறைக்கு வெளியே, தண்ணீர் தெறிக்காத இடத்தில் வையுங்கள்.

எப்போது கை வைக்கக் கூடாது?

பிளக் கொதிக்கிறது, கருகல் வாசனை வருகிறது, குழாயைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது, ஆர்.சி.சி.பி. அடிக்கடி இறங்குகிறது... இதில் எது நடந்தாலும் மெயினை ஆஃப் செய்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வீடுகளில் பொதுவாக வைக்கும் ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்ப் கசிவிலேயே துண்டிக்கும். அது இறங்குவது எச்சரிக்கை; திரும்பத் திரும்பத் தூக்கிவிடுவது வைத்தியம் ஆகாது.

லண்டனில் வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லருக்கு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் வைத்திருக்கும் உறவினருக்கும் இதே வரிசைதான்: நெட், கன்ட்ரோல், அப்புறம் பாய்லர். அங்கேயும் ஆப்பையும் வைஃபையையும் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ளலாம். கேஸ் பகுதியைத் தொட, ‘கேஸ் சேஃப்’ பதிவு பெற்றவருக்கு மட்டுமே சட்டப்படி அனுமதி.

கடைசியாக ஒன்று. ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்கு ஆப்பைச் சொல்லித் தராவிட்டாலும் பரவாயில்லை. கீசரின் சுவர் ஸ்விட்ச் எது, எம்.சி.பி. எது என்று காட்டி, பக்கத்தில் தமிழில் எழுதி ஒட்டிவிட்டு வாருங்கள். நெட் இல்லாத நேரத்தில் அவர்களுக்குக் கை கொடுப்பது அதுதான்.