களஞ்சிய அறையிற் கலகலப்பு

நிலவறையை விளையாட்டறையாக்கும் வழக்கம் கனடாவாழ் எம்மூரவரிடையே பரவியுள்ளது. தென் ஒன்ராறியோவில் உறைபனி தீண்டாதிருக்க அத்திவாரத்தை ஏறத்தாழ 4 அடி ஆழத்துக்கு இறக்குவர். இன்னுஞ் சற்றுத் தோண்டினால் அறை கிடைத்துவிடும்.

காரைநகரில் அது இயலுமா? இங்கே சுண்ணாம்புக்கல்லினுள், உவர்நீரின்மேல் மழைநீர் மெல்லிய படையாக மிதக்கின்றது. தோண்டினால் அறை வாராது, கிணறே வரும்!

ஆயினும், நெல் நிறைந்திருந்த களஞ்சிய அறைகள் பல வீடுகளில் இன்று வெறுமையாயுள்ளன. எம் வீட்டு அறையைச் சென்ற ஆவணியில் திருத்த முற்பட்டோம். "கொப்பர் நெல்லுக் குவிச்ச அறையடா!" என்று அன்னையார் கண்கலங்கினார். ஈரச்சுவரைக் கவனியாது வர்ணம் பூசினோம். ஐப்பசி மழையில் வர்ணம் உரிந்தது. கரம் பலகையும் வளைந்தது. பின்னர் வர்ணத்தைச் சுரண்டி, ஈரத்தை வெளிவிடும் சுண்ணாம்பு பூசி, எதிரெதிரே இரு யன்னல்கள் வைத்தோம். காற்று உலாவிற்று, சுவர் உலர்ந்தது.

தந்தையார் மறைந்தபின் பேச்சைக் குறைத்திருந்த அன்னையார், இன்று பேரப்பிள்ளைகளுடன் பல்லாங்குழியின் 14 குழிகளுக்கும் சோழி பகிர்ந்து, தோற்றால் வழக்காடுகின்றார். கைத்தொலைபேசிகளோ மாடத்தில் உறங்குகின்றன.

அன்பர்களே, வெறுங் களஞ்சியத்தைப் பூட்டிவைப்பானேன்?