கை மறவாத நூல்

மாணவர்களே, தக்ளி என்னும் கருவியை உங்களுள் பலர் கண்டிருக்க மாட்டீர்கள். ஒரு சாணுக்கும் குறைவான இரும்புக் கம்பி. அதன் அடியில் ஒரு பித்தளை வட்டு. நுனியில் சிறு கொக்கி. இவ்வளவே. கீழடி அகழாய்வில் சுடுமண் தக்களிகள் கிடைத்துள்ளன. ஆகவே வைகைக் கரையில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இக்கலை வழங்கியது என்பதில் ஐயமில்லை.

இக்கருவி பள்ளிக்கு வந்தது காந்தியடிகளால். 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டுக்குப் பின், ஜாகிர் உசேன் தலைமையிலான குழு கைத்தொழிலை நடுநாயகமாகக் கொண்ட பாடத்திட்டத்தை வகுத்தது. அதுவே ஆதாரக் கல்வி. எங்கள் திண்டுக்கல் பக்கத்தில் டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் 1947இல் நிறுவிய காந்திகிராமம் இக்கல்விக்கு உறைவிடமாயிற்று. பழனி வட்டத்துக் கீரனூரில் 1970ஆம் ஆண்டளவில் நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது, வகுப்பில் அனைவர் கையிலும் தக்ளி இருந்தது.

பள்ளியில் கைத்தொழில் என்றாலே தமிழகத்தில் ஓர் ஐயம் எழும். 1953இல் வந்த அரைநாள் பள்ளித் திட்டம், எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பழகட்டும் என்றது. மக்கள் எதிர்த்தனர், 1954இல் அது கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு நியாயமானதே. ஆனால் தக்ளியின் கதை வேறு. தந்தை செய்யும் தொழிலைக் கேட்டு எவரும் எங்களுக்குத் தக்ளி கொடுக்கவில்லை. எல்லோரும் ஒரே திண்ணையில் ஒரே வேலையைக் கற்றோம்.

நூற்பதில் என்ன நுட்பம்? பருத்தி இழை செடியில் இருக்கும்போது நுண்ணிய குழாய். காய் வெடித்து உலர்ந்ததும் தட்டையாகி, நாடாபோல் முறுக்கிக்கொள்கிறது. அந்த நெளிவுகளாலேயே ஓர் இழை மற்றோர் இழையைப் பற்றுகிறது. வலக்கை தக்ளியைச் சுழற்ற, இடக்கை பஞ்சுத் திரியை மேல்நோக்கி இழுக்கும். முறுக்கு முதலில் மெல்லிய இடத்தையே நாடி ஓடும். பருத்த இடம் முறுக்கேறாமல் மென்மையாகவே நிற்பதால் அதை மேலும் இழுத்து மெலிய வைக்கலாம். இவ்வாறு நூல் தன்னைத்தானே சமன்செய்துகொள்கிறது! ஆனால் எப்போது இழுப்பது, எப்போது நிறுத்துவது என்பதை விரல்நுனி ஒன்றே அறியும். எங்கள் ஆசிரியரும் அதைச் சொல்லித் தரவில்லை. அறுந்த நூலை ஒட்டிக் கொடுத்து, 'மறுபடியும்' என்பார்.

தலைமையாசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து, மீண்டும் தக்ளியை எடுத்தேன். நூலின் நம்பரைக் கணக்கிடும் முறை அடியோடு மறந்து போயிருந்தது. விரல்களோ, பத்து நிமிடம் தடுமாறிவிட்டு, தம் வேலையைத் தொடங்கின.

இதன் காரணத்தை மூளை நூலார் ஆராய்ந்துள்ளனர். அமெரிக்கரான ஹென்றி மொலைசனுக்கு 1953இல், வலிப்பு நோய் தீர மூளை அறுவை செய்யப்பட்டது. அதன்பின் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. கனடாவில் பணியாற்றிய பிரெண்டா மில்னர், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தே ஒரு விண்மீன் வடிவத்தை வரையும் பயிற்சியை அவருக்கு மூன்று நாள் அளித்தார். முன்பு அதைச் செய்ததாகவே மொலைசனுக்கு நினைவில்லை. கை மட்டும் நாளுக்கு நாள் தேறியது. 1962இல் வெளியான இம்முடிவு, செய்தியை நினைத்தலும் செயலைப் பழகுதலும் மூளையில் வெவ்வேறு வழிகளில் நடைபெறுகின்றன என்பதைக் காட்டிற்று. பழகிய செயலைக் காப்பதில் சிறுமூளைக்கும் பெருமூளையின் ஆழத்திலுள்ள நரம்பணுத் திரள்களுக்கும் பெரும்பங்கு உண்டு.

எனினும் எதைப் பழகினாலும் கையில் தங்கிவிடும் என்று எண்ணிவிட வேண்டாம். ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் தக்ளியைத் தூசு தட்டிய பள்ளிகளும் அக்காலத்தில் உண்டு. அத்தகைய பள்ளியொன்றில் படித்த நண்பர் என் வீட்டில் தக்ளியைச் சுழற்றிப் பார்த்தார். அவர் கைக்கு அது புதுப்பொருளே.

நம்பர் கணக்கைப் புத்தகம் பார்த்து மீட்டேன். 840 கெஜம் கொண்ட ஒரு சிட்டம் ஒரு பவுண்டு நிறுத்தால் அது 1ஆம் நம்பர். பவுண்டுக்குப் பத்துச் சிட்டமானால் 10ஆம் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். மறுபடி தொடங்கியபின் நான் நூற்ற முதற் சிட்டம் 45 கிராம் இருந்தது; ஏறத்தாழ 10ஆம் நம்பர். சென்ற மாதம் நூற்றது 38 கிராம். 12ஆம் நம்பரை எட்டியிருக்கிறது.