ஒக்டோபரில் வரும் விருந்தாளிகள்

பச்சை முதுகு, தோளில் மினுங்கும் நீலம், கண் வழியே ஓடும் கறுப்புப் பட்டை, வெள்ளைத் தொண்டை, வெளிர் மஞ்சள் வயிறு, வாலடியில் குங்குமச் சிவப்பு. வால் இருப்பதே தெரியாத அளவுக்குக் குட்டை. ஒக்டோபர் விடியலில் இப்படியொரு பறவை லயத்து இஸ்தோப்பில் ஒடுங்கிக் கிடந்தால், யாரோ வளர்த்த கிளியினம் என்று எண்ணிவிட வேண்டாம். அது ஆறுமணிக் குருவி. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, கடல் தாண்டி இலங்கைக்கு வந்திருக்கிறது. இரவில் பறக்கும் பறவையாதலால், வந்திறங்கும் நாட்களில் களைப்போடு வீட்டு வெளிச்சத்தில் தடுமாறிச் சுவரிலும் கண்ணாடியிலும் மோதிக்கொள்ளும். காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டிக்குள் வைத்து, பூனை எட்டாத இருட்டு மூலையில் சில மணி நேரம் விடுங்கள். எதையும் ஊட்ட வேண்டாம். தெளிந்ததும் செடி அடர்ந்த இடத்தில் விட்டால் போதும்.

அதன்பின் அதைக் காண்பதற்குக் காதுதான் முதலில் வேண்டும். காலை ஆறு மணியை ஒட்டியும் மாலை ஆறு மணியை ஒட்டியும் இரண்டு சுரமாக விசிலடிக்கும். மற்ற நேரம் தரையில்தான் வாழ்க்கை: உதிர்ந்த இலைகளைக் கிளறிப் புழுவும் பூச்சியும் தின்னும். இறம்பொடை போன்ற மலையூர் வீட்டுத்தோட்டத்தில் அதற்கேற்ற இடங்கள் வாழையடி, பீலிக்கரை, கானோரப் புதர், சவுக்கு மர நிழல். சத்தம் வந்த திசையில் நடக்காமல், முந்தின நாள் கேட்ட இடத்துக்கு எதிரே முன்கூட்டியே போய்த் தரையோடு உட்கார்ந்திருப்பவருக்கே படம் கிடைக்கும். மேலிருந்து எடுத்தால் முதுகு மட்டும் விழும். அதன் கண்மட்டத்துக்குக் கமராவை இறக்க வேண்டும். மூட்டமான விடியலில் வெளிச்சம் போதாது. ஃபிளாஷைத் தொடாமல் ஐ.எஸ்.ஓ.வை 1600, 3200 வரை உயர்த்தி, ஷட்டர் வேகத்தை நொடியில் 125இல் ஒரு பங்காக வைத்து, பறவை நிற்கும் கணத்தில் அடுத்தடுத்துப் படமெடுங்கள். கையில் போன் மட்டும் இருந்தால் வீடியோ எடுங்கள், குரலும் பதிவாகும்.

இன்னொரு விருந்தாளி எளிதில் கண்ணில் படாது. காஷ்மீர் ஈப்பிடிப்பான், 13 சென்றிமீற்றர் நீளம். காஷ்மீரிலும் சுற்றியுள்ள மலைகளிலும் கூடு கட்டி, குளிர் தொடங்கிப் பூச்சி அருகியதும் ஏறத்தாழ 3,000 கிலோமீற்றர் தெற்கே வருகிறது. இலங்கையில் அது தங்குவது பெரும்பாலும் 750 மீற்றருக்கு மேற்பட்ட மலைநாட்டில், காட்டோரங்களிலும் தேயிலை மலைகளிலும் வீட்டுத்தோட்டங்களிலும். இறம்பொடை நீர்வீழ்ச்சியே 945 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இந்தப் பறவைக்காகவும் ஆறுமணிக் குருவிக்காகவும் வெளிநாட்டவர்கள் பெரிய லென்சுகளோடு நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்கு வருகிறார்கள். நம் போஞ்சிக் கொடிக் கம்பிலும் அது வந்து உட்காரலாம் என்பதை மலையகப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

ஆணுக்கு மார்பு செம்மஞ்சள், அதன் இரு பக்கமும் கறுப்புக் கோடு. அந்தக் கோடுதான் அதன் நெருங்கிய இனங்களிலிருந்து அதைப் பிரித்துக் காட்டும் அடையாளம். ஆகவே முன்பக்கம் சற்றே சாய்வாக எடுத்த படமே பயன்படும். பூச்சி பிடிக்கப் பாய்ந்துவிட்டுப் பக்கத்துக் கிளைக்கோ அதே கிளைக்கோ வரும் பழக்கம் இருப்பதால், விரட்டாமல் கிளையைக் குறிவைத்து, நொடியில் 500இல் ஒரு பங்கு வேகத்தில் காத்திருக்கலாம். முதலில் கிடைத்த படம் மங்கலாக இருந்தாலும் அழிக்காதீர்கள். அடையாளம் சொல்ல அதுவே போதுமானதாக இருக்கும்.

1891இல் இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றில் துரை வீட்டில் பிறந்த ஜி. எம். ஹென்றி, தானே ஓவியம் தீட்டி 1955இல் வெளியிட்ட இலங்கைப் பறவை வழிகாட்டி நெடுங்காலம் இந்நாட்டுப் பறவை ஆர்வலர்களின் கைநூலாக இருந்தது. இன்று தேதியும் இடமும் குறித்த ஒரு படத்தை லயக் காம்பராவிலிருந்தே பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்ட் தளத்தில் பதியலாம். கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து 1976இலிருந்து இயங்கும் களப் பறவையியல் குழுவுக்கும் அனுப்பலாம்.

போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். தோட்டத்தின் ஒரு மூலையிலாவது உதிர்ந்த இலையைக் கூட்டிக் கொளுத்தாமல் விட்டுவையுங்கள். முதல் விசில் கேட்ட நாளையும், மார்ச், ஏப்ரலில் கடைசியாகக் கேட்ட நாளையும் கலண்டரில் எழுதி வையுங்கள்.