கல்யாண மேடைக்குக் காயலான் கடை மரம்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் சரக்கு ஏற்றி வரும் மரப் பேலட்டுகள், வேலை முடிந்ததும் பழைய மரக்கடைக்கும் காயலான் கடைக்கும் போய்விடுகின்றன. வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் அங்கே ஒரு நடை போய்ப் பாருங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அடுக்கினால், வரவேற்பு மேஜையும் பூச்சட்டி வைக்கும் படிகளும் தயார்.

வாங்கும் முன் ஓரத்தில் பதித்திருக்கும் முத்திரையைத் தேடுங்கள். நாடு விட்டு நாடு போகும் மரத்தில் அது இருந்தாக வேண்டும். 'எச்.டி.' என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால், பூச்சி சாக 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றிய மரம், தாராளமாக வாங்கலாம். 'எம்.பி.' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. குழந்தைகள் ஓடியாடும் மண்டபத்துக்கு அது வேண்டவே வேண்டாம். எண்ணெய்க் கறையும் ரசாயன வாடையும் உள்ளதையும் தொடாதீர்கள்.

மேடைப் பின்திரைக்குப் பாட்டியின் பட்டுப்புடவைகளைவிட அழகு எது? குண்டூசி குத்தாமல், கயிற்றில் மடித்துத் தொங்கவிடுங்கள், ஜரிகை பிழைக்கும். பரணில் கிடக்கும் பித்தளை அண்டாவில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிடலாம். அதிலுள்ள பச்சைக் களிம்பைப் புளியின் அமிலம் கரைத்துவிடும். கழுவியதும் ஈரம் போகத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் முகூர்த்தத்துக்குள் மறுபடி கறுத்துவிடும்.