நடுவழியில் பஞ்சர் ஆனால்

ஓடிக்கொண்டிருக்கும் பைக்கின் பின்பக்கம் இடதும் வலதுமாக அலையத் தொடங்கினால் பின் டயரில் காற்று இறங்கிவிட்டது என்று பொருள். ஹேண்டில் திடீரென்று கனத்து ஒரு பக்கமாக இழுத்தால் போனது முன் டயர். அடுத்த சில நொடிகளில் ஓட்டுபவர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே அது வெறும் பஞ்சராக முடிவதும் விபத்தாக மாறுவதும். பதறிப்போய் பிரேக்கை அழுத்தினால் வண்டி சறுக்கிவிடும். ஹேண்டிலை இறுகப் பிடித்து, ஆக்சிலரேட்டரை மெல்லக் குறைத்து, வண்டியை நேர்கோட்டிலேயே ஓடவிட்டு வேகத்தை இறக்க வேண்டும். பின் டயர் போயிருந்தால் முன் பிரேக்கை மென்மையாகப் பிடிக்கலாம்; முன் டயர் போயிருந்தால் பின் பிரேக் மட்டும்தான். வேகம் தணிந்ததும் இண்டிகேட்டர் போட்டு இடது ஓரம் ஒதுங்க வேண்டும்.

டியூப் உள்ள டயரில் ஆணி ஏறினால் காற்று சட்டென்று இறங்கிவிடும். ஸ்போக்ஸ் வைத்த சக்கரங்களில் பெரும்பாலும் இந்த வகைதான். அலாய் சக்கரங்களில் வரும் டியூப்லெஸ் டயரில் ஆணி குத்திய இடத்தையே அடைத்துக்கொண்டு நிற்கும். காற்று மெதுவாகத்தான் கசியும். அதனால் டியூப்லெஸ்ஸில் ஆணியைப் பார்த்ததும் பிடுங்கிவிடக் கூடாது. பக்கத்தில் காற்று கிடைத்தால் நிரப்பிக்கொண்டு, பின்னால் உட்கார்ந்திருப்பவரை இறக்கிவிட்டு, மெதுவாகக் கடை வரை ஓட்டிப் போய்விடலாம். டியூப் டயரில் அந்த வசதி இல்லை. காற்றில்லாமல் உருட்டிக்கொண்டே ஓட்டினால் டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கி, வால்வு அருகே கிழிந்துவிடும். ஒரு பேட்ச்சோடு முடிந்திருக்க வேண்டிய வேலை டியூப் மாற்றுவதில் போய் நிற்கும். ரிம் வளைந்தால் செலவு அதற்கும் மேலே.

நான்குவழிச் சாலையில் நின்றுபோன வண்டிக்குப் பின்னாலிருந்து வரும் லாரிதான் முதல் ஆபத்து, குறிப்பாக இரவில். வண்டியைத் தார்ச்சாலையை விட்டு மண் ஓரத்துக்குத் தள்ளிவிட வேண்டும். வளைவிலும் பாலத்தின் மேலும் நிற்கக் கூடாது. இண்டிகேட்டர் எரிந்துகொண்டிருக்கட்டும். சாலைக்கு முதுகைக் காட்டிக் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருப்பதை விட, தடுப்புக் கம்பிக்கு அப்பால் போய் நின்று போன் பேசுவது மேல். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். இது தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் உதவி எண். இருசக்கர வண்டிகளுக்குச் சுங்கக் கட்டணம் இல்லையே, நமக்கெல்லாம் யார் வருவார்கள் என்று பலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் வேண்டாம். அந்தச் சாலையில் போகும் எல்லோருக்குமான எண் அது. சொல்ல வேண்டியது, எந்த ஊரைத் தாண்டினோம், எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறோம், ஓரத்துக் கல்லில் எத்தனையாவது கிலோமீட்டர் என்பது. பஞ்சர் ஒட்டுவது ரோந்து வண்டிக்காரர்களின் வேலை அல்ல. ஆனால் இருட்டில் தனியாக நிற்பவருக்கு அவர்கள் வந்து நிற்பதே பெரிய பாதுகாப்பு.

தனியாகப் போகும் பெண்ணுக்குப் பஞ்சர் வேறுவிதமான ஆபத்தாகவும் மாறலாம் என்பதை 2019 நவம்பர் 27 இரவு நாடு பார்த்தது. ஐதராபாத்தை அடுத்த ஷம்ஷாபாத்தில், சுங்கச்சாவடி அருகே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் போன இளம் கால்நடை மருத்துவர் இரவு திரும்பி வந்தபோது டயரில் காற்று இல்லை. பஞ்சர் போட்டுத் தருகிறோம் என்று சிலர் உதவ வந்தார்கள். வேண்டுமென்றே காற்றை இறக்கிவிட்டவர்களே அவர்கள்தான் என்று பின்னர் போலீஸ் சொன்னது. அந்த மருத்துவர் உயிரோடு திரும்பவில்லை. பயமாக இருக்கிறது என்று அவர் தங்கையிடம் போனில் சொல்லியிருந்தார். மகளைக் காணோம் என்று ஓடிய குடும்பத்தை, இது எங்கள் எல்லை இல்லை என்று ஒரு காவல் நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பினார்கள். தாமதத்துக்காகக் காவலர்கள் மூவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர்.

அவர் செய்ததில் எந்தத் தவறும் இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் சம்பவத்திலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியவை வேறு. நிறுத்திவிட்டுப் போன வண்டியில் காரணமில்லாமல் காற்று இறங்கியிருந்து, உடனே யாரோ உதவிக்கும் வந்தால், வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வெளிச்சமும் ஆட்களும் உள்ள இடத்துக்குப் போய்விடலாம். சுங்கச்சாவடிக் கூண்டு, பெட்ரோல் பங்க், திறந்திருக்கும் டீக்கடை எதுவானாலும் சரி. 112 அவசர உதவி எண், 181 பெண்களுக்கானது. வீட்டுக்கு லைவ் லொக்கேஷன் அனுப்பிவிட வேண்டும். எல்லையைக் காட்டிப் புகாரை மறுக்கும் வழக்கத்துக்கும் இன்று சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். பதிவான தகவலின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்கலாம்.

ஆணிகள் எப்போதும் தானாக விழுந்து கிடப்பவை அல்ல. பெங்களூரின் வெளிவட்டச் சாலையில், பஞ்சர் வியாபாரத்துக்காகவே ஆணி தூவுகிறார்கள் என்ற புகார் பல ஆண்டுகளாக உண்டு. அந்த வழியாக வேலைக்குப் போய்வந்த பொறியாளர் ஒருவர், தன் டயர் திரும்பத் திரும்பப் பஞ்சராவதைப் பார்த்துவிட்டு, காந்தம் கட்டிய கோலோடு சாலையோரம் இறங்கிக் கிலோக்கணக்கில் ஆணிகளைப் பொறுக்கி எடுத்தார். போக்குவரத்துப் போலீசாரும் அந்த நகரில் ஆணி பொறுக்கியிருக்கிறார்கள். சாலையைப் பயணத்துக்குப் பாதுகாப்புக் குறைந்ததாக்கும் செயல், பாரதிய நியாய சன்ஹிதா 326-வது பிரிவின் கீழ் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். டயரிலிருந்து எடுத்த ஆணியைத் தூக்கி எறியாமல் போட்டோ எடுத்து, இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்வது நல்லது. ஒரே இடம், ஒரே மாதிரி ஆணி, பலருக்கும் பஞ்சர் என்றால் அது புகாருக்குப் போதுமான விஷயம்.

வெயிலில் உட்கார்ந்து, கை கன்றிப்போக டயரைக் கழற்றி மாட்டும் பஞ்சர் கடைக்காரர்களில் பெரும்பாலானோர் நேர்மையாகப் பிழைப்பவர்கள். கம்பியால் தாங்களே இரண்டு ஓட்டை போட்டுவிட்டு, நாலு பஞ்சர் என்று கணக்குச் சொல்லும் ஒருசிலரால் அவர்கள் பெயரும் கெடுகிறது. ஏமாறாமல் இருக்க வழி எளியது. ஒரு பஞ்சருக்கு எவ்வளவு என்று டயரில் கை வைப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். வேலை நடக்கும்போது டீ குடிக்கப் போகக் கூடாது. தண்ணீரில் டியூபை அமுக்கி, குமிழி வரும் இடத்தைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த பஞ்சருக்குச் சம்மதிக்க வேண்டும். டியூபை மாற்றியே ஆக வேண்டும் என்றால் புது டியூபில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, பழையதைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

டயர், டியூப் வாங்கினால் பில் கேட்பது உரிமை. பில் தர மறுப்பதையே நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2324 என்றால் 2024-இன் 23-வது வாரம் தயாரானது. ஆண்டுக்கணக்கில் கிடங்கில் கிடந்த டயரைப் புதுசு என்று விற்பதை இந்த எண் காட்டிக்கொடுத்துவிடும். பிரச்சினை என்றால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை.

பெட்ரோல் பங்கில் காற்று இலவசம். பெட்ரோல் போட்டால்தான் காற்று என்று சொல்லவும் முடியாது. எண்ணெய் நிறுவனங்கள் தங்கள் பங்குகளுக்கு விதித்திருக்கும் கட்டாயம் இது. மெஷின் ரிப்பேர் என்ற பலகை மாதக்கணக்கில் தொங்கினால் அங்கேயே புகார்ப் புத்தகத்தைக் கேட்டு எழுதிவைக்கலாம். இன்ஷூரன்ஸில் மட்டும் ஏமாற்றம் காத்திருக்கும். வெறும் பஞ்சருக்கோ டயர் கிழிந்ததற்கோ வழக்கமான பாலிசி பணம் தராது. விபத்தில் வண்டியோடு சேர்ந்து டயரும் சேதமானால்தான், அதிலும் பாதி விலை. சாலையோர உதவி என்பது தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டிய வசதி. பாலிசியைப் புதுப்பிக்கும்போது அது இருக்கிறதா என்று ஒரு வரி படித்துப் பார்ப்பது நல்லது.

பட்டன் தேய்ந்த டயரில் பஞ்சரும் அதிகம், ஈரச் சாலையில் வழுக்குவதும் அதிகம். இருசக்கர வண்டி டயரின் பள்ளம் 0.8 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்பது மோட்டார் வாகன விதி.

இத்தனைக்குப் பிறகும் டயர் வெடித்து யாராவது விழுந்து கிடந்தால், பார்ப்பவர்கள் போலீஸ், கேஸ் என்று ஒதுங்கத் தேவையில்லை. உதவுபவரைப் பெயர் சொல்லும்படிகூட யாரும் கட்டாயப்படுத்த முடியாது; மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவும் அதையொட்டி 2020-இல் வந்த விதிகளும் அந்தப் பாதுகாப்பைத் தருகின்றன. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும் சரி. 108-ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்தில் நில்லுங்கள்.